கப்பல் பயணத்தில் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியா கப்பல் ஓட ஆரம்பித்ததிலிருந்து நம் பக்கத்திலும் கப்பல் டூர் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2025 ஜூலையில் அந்தக் கப்பல் புதுச்சேரிக்கே வந்து போனது. சிங்கப்பூர் வரை விமானத்தில் போய் அங்கிருந்து ஏறுகிறவர்களும் நிறைய. டிக்கெட் போட்ட கையோடு சிலர் கேட்பது ஒன்றுதான்: "நான் பேலியோவில் இருக்கிறேன், ஆறு மாசமாகக் கஷ்டப்பட்டுச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன், கப்பலில் எல்லாம் போய்விடுமா?" கடலூரிலும் புதுச்சேரியிலும் உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரு கணக்கு மட்டும் முதலில். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் பொதுவாக லோ கார்ப் என்கிறார்கள், 20 முதல் 50 கிராமுக்குள் என்றால் கீட்டோ. நம் ஊரில் பேலியோ என்று சொல்லிக் கடைப்பிடிப்பது பெரும்பாலும் கீட்டோவை ஒட்டித்தான் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தயவுசெய்து மருந்து பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் விட்டுவிட்டால் கப்பலில் வயிறு நிறையுமா?

நன்றாக நிறையும். வீட்டைவிடக் கப்பலில்தான் இது சுலபம் என்பேன். வீட்டில் மீன் குழம்பு வைப்பதே சோற்றுக்காக, ஆளுக்கு இரண்டு துண்டு என்று கணக்குப் பார்த்து வாங்குகிறோம், அதில் ஒருவர் மட்டும் நாலு துண்டு எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். கப்பலில் அந்தக் கணக்கு இல்லை. பஃபேயும் பெரிய டைனிங் ஹாலும் டிக்கெட்டிலேயே அடக்கம், சுட்ட மீன் நாலு துண்டு கேட்டாலும் வைப்பார்கள், ரொட்டிக்குப் பதிலாக இன்னொரு தட்டு காய்கறி கேட்டாலும் கொண்டுவருவார்கள்.

வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் 300 கிராம் சோறு சர்வசாதாரணமாக இறங்கும், அதிலேயே 80 கிராமைத் தாண்டிவிட்டீர்கள். மீன், கோழி, ஆட்டுக்கறியில் அநேகமாகப் பூஜ்யம், ஒரு முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. அதனால் கப்பலில் சோற்றைக் "கொஞ்சமாக" வைத்துக்கொள்வதைவிட வைக்காமலே விடுவதுதான் நல்லது. அங்கே ஒரு நாளைக்கு ஐந்து தடவை சாப்பாட்டைப் பார்க்கப் போகிறீர்கள், ஐந்து கொஞ்சம் சேர்ந்தால் அது கொஞ்சமாக இருக்காது.

புக் பண்ணும்போதே சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். கப்பல் கம்பெனிகளிடம் சிறப்பு உணவுக்கு என்று விண்ணப்பம் இருக்கும், அதைக் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே கொடுக்கச் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் ஜெயின், வேகன், குளூட்டன் இல்லாதது, சர்க்கரை நோயாளிக்கானது என்ற வகைகள்தான் இருக்கும், லோ கார்ப் என்று ஒரு கட்டம் இருப்பது அபூர்வம். இங்கேதான் கவனம் வேண்டும். சர்க்கரை நோயாளி உணவு என்று டிக் செய்தால் கோதுமை ரொட்டி, பிரவுன் அரிசி, பழத்துண்டு, சர்க்கரை சேர்க்காத புட்டிங் என்று வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் செய்தது தவறில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அது அல்ல. எனவே குறிப்பு எழுதும் இடத்தில் நேராக எழுதுங்கள்: "அரிசி, கோதுமை, மைதா, உருளைக்கிழங்கு, சர்க்கரை வேண்டாம். சுட்ட மீன் அல்லது கோழி, முட்டை, வெண்ணெய், காய்கறி வேண்டும்."

அதோடு விட்டுவிடக் கூடாது. கப்பல் ஏறிய முதல் நாள் மத்தியானமே டைனிங் ஹாலின் மேலாளரைப் பார்த்து ஒரு தடவை நேரில் சொல்லிவிடுங்கள். நம்மில் பலருக்கு இப்படிக் கேட்கக் கூச்சம், "அவங்க கிட்ட போய் என்னத்தச் சொல்றது" என்று பேசாமல் வந்துவிடுகிறார்கள். அந்தப் பணியாளர்களுக்குத் தினமும் நூறு விதமான கோரிக்கை வருகிறது, உங்களுடையது அதில் எளிதான ஒன்று. பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, எதை எப்படி மாற்றித் தர முடியும் என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். முதல் நாளே சொன்னவருக்கு மீதி நாளெல்லாம் நிம்மதி.

கப்பலிலேயே டயட்டை ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் முதல் வாரம் தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு வரும், உடம்பிலிருந்து உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறுவதால் வருவது அது. கடல் ஆட்டத்தோடு அதையும் சேர்த்து ஏன் அனுபவிக்க வேண்டும்? மூன்று நாலு வாரம் முன்பே வீட்டில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்து தொடங்குங்கள்.

பஃபேயில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

தட்டை எடுக்காமல் ஒரு சுற்று நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பஃபேயை அடுக்கும்போது வாசல் பக்கம் பெரும்பாலும் ரொட்டி, பாஸ்தா, நூடுல்ஸ், சோறு இருக்கும், சுடச்சுட வெட்டிக் கொடுக்கும் கறியும் சுட்ட மீனும் உள்ளே இருக்கும். வரிசையில் நின்று முதலில் வந்ததை எடுத்தால் கறி வருவதற்குள் தட்டு நிறைந்திருக்கும்.

அப்புறம் வரிசை இப்படி: முதலில் மீன் அல்லது கறி, அடுத்தது வெந்த காய், கடைசியில் பச்சைக் காய்கறி, மேலே ஆலிவ் எண்ணெய் அல்லது வெண்ணெய். சாலட் மேல் ஊற்றும் தயார் சாஸில் சர்க்கரை இருக்கும், எண்ணெயும் எலுமிச்சையும் கேட்டால் தருவார்கள். தக்காளி கெட்ச்அப் ஒரு மேசைக்கரண்டியில் 4 கிராம் சர்க்கரை, பிள்ளைகள் தட்டிலிருந்து தொட்டுக்கொள்ளும்போது இது கணக்கில் வராமலே உள்ளே போகும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மீன் விஷயத்தில் ஒரு ஏமாற்றம் இருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் படகிலிருந்து இறங்கின வஞ்சிரமும் கொடுவாவும் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்குக் கப்பலில் வரும் பாசா மீன் சப்பென்று இருக்கும். உப்பு, மிளகு, எலுமிச்சை தனியாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சால்மன் இருந்தால் அதை எடுங்கள், கொழுப்பு அதிகம், பசி தாங்கும். ரொட்டித்தூள் ஒட்டிப் பொரித்த மீனையும் ஃபிஷ் ஃபிங்கரையும் மீன் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் மாவு நிறைய.

கண்ணுக்குத் தெரியாத மாவு எதிலெல்லாம் இருக்கும்?

கெட்டியான எந்தக் குழம்பிலும் சந்தேகப்படுங்கள். சைனீஸ் கவுண்டரில் சில்லி சிக்கன், மஞ்சூரியன் எல்லாம் சோளமாவில் புரட்டியவை, சாஸையும் அதே மாவில்தான் கெட்டியாக்குகிறார்கள். கிரீம் சூப்பில் மைதா இருக்கலாம், தெளிவான சூப் எடுங்கள். வட இந்திய கிரேவியில் முந்திரி விழுதும் சர்க்கரையும் சேரும், பனீர் பட்டர் மசாலா அதனால்தான் இனிக்கிறது. தந்தூரி சிக்கன், மலாய் டிக்கா, சீக் கபாப் பரவாயில்லை. சாம்பாரில் பருப்பு இருக்கிறது, ஒரு கரண்டி காய்க்காக ஊற்றிக்கொள்ளலாம், கிண்ணம் கிண்ணமாக வேண்டாம். ரசம் தாராளமாகக் குடிக்கலாம்.

காலையில் என்ன சாப்பிடுவது?

முட்டை. ஆம்லெட் போட்டுக் கொடுக்கிற கவுண்டர் அநேகமாக எல்லாக் கப்பலிலும் இருக்கும், மூன்று முட்டை, சீஸ், காளான், குடைமிளகாய் போட்டு வெண்ணெயில் கேளுங்கள். முன்கூட்டியே கலந்து வைத்த முட்டைக் கலவையை ஊற்றுவதாகத் தெரிந்தால், புது முட்டை உடைத்துப் போடச் சொல்லலாம். ரொட்டி கவுண்டரில் இருக்கும் சின்ன வெண்ணெய்ப் பொட்டலங்கள் பட்டர் டீக்கு, அதாவது வெண்ணெய் கலந்த டீக்கு, உதவும். காலைச் சாப்பாட்டை இப்படிக் கனமாக முடித்தால் பதினோரு மணிக்கு நீச்சல் குளம் பக்கம் வரும் பீட்சா வாசனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. எங்களுக்கு முடியுமா?

முடியும், ஆனால் கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. சைவ மெனு எங்கே போனாலும் சோறு, ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கைச் சுற்றியே இருக்கிறது. கொண்டைக்கடலையைப் புரதம் என்று நினைத்து ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வேகவைத்த 100 கிராமில் 27 கிராம் மாவுச்சத்து போகிறது, அது சோற்றுக்குச் சமம்.

நீங்கள் நம்ப வேண்டியவை பனீர், சீஸ், தயிர், வெண்ணெய், டோஃபு, காளான், கொட்டைகள், அவகாடோ. பனீரைக் கிரேவியில் இல்லாமல் தவாவில் வெண்ணெய் விட்டு வாட்டித் தரச் சொல்லுங்கள், முந்தின நாளே சொன்னால் மறுக்க மாட்டார்கள். கத்தரிக்காய், சுரைக்காய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், கீரை எது இருந்தாலும் பெரிய பங்காக எடுங்கள். தயிர் வாங்கும்போது பழம் போட்ட இனிப்புத் தயிரை விட்டுவிட்டு வெறும் தயிர் கேளுங்கள். சிங்கப்பூர் பக்கம் ஏறும் கப்பல்களில் சூப், நூடுல்ஸ் இவற்றில் மீன் சாறு சேர்வது சகஜம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கீட்டோ அளவுக்கு 20 கிராம் என்று பிடிவாதம் பிடிக்காமல், சைவக்காரர்கள் கப்பலில் இருக்கும் நாட்களுக்கு 60, 70 கிராம் என்று வைத்துக்கொண்டால் பட்டினி இல்லாமல் போய்விடலாம். மருந்து எடுக்காதவர்களுக்கு இதில் ஒரு தீங்கும் வராது.

வீட்டிலிருந்து என்ன எடுத்துப் போகலாம்?

வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற விட மாட்டார்கள், சுகாதாரக் காரணம். கம்பெனி சீல் பிரிக்காத பொட்டலங்களுக்கு அநேகமாகத் தடை இல்லை, இருந்தாலும் உங்கள் கப்பலின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கெட்டில், தண்ணீர் சூடாக்கும் காயில் எதுவும் கூடாது, தீ பயத்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

கடலூர்க்காரர்கள் கை தானாகப் பண்ருட்டி முந்திரிக்குத்தான் போகும். முந்திரி நல்ல பண்டம், ஆனால் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கொட்டைகளிலேயே மாவுச்சத்து அதிகமுள்ளது அதுதான். 100 கிராமில் சுமார் 30 கிராம், நார்ச்சத்து மிகக் குறைவு. பாதாமில் 22 கிராம் இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் நார், அதனால் கணக்கில் வருவது பத்து கிராம் அளவுதான். பேலியோக்காரர்கள் காலையில் 100 பாதாம் என்று எண்ணிச் சாப்பிடுவதற்கு ஒரு காரணம் இது. வால்நட், நிலக்கடலையும் நல்லது. நம் ஊர் மல்லாட்டையை உப்புக்கடலையாகப் பொட்டலத்தில் வாங்கிப் போனால் பாதாமைவிட மலிவு. பண்ருட்டிப் பலாவை மட்டும் கிளம்புகிற அன்றைக்குத் தொடாதீர்கள், பழுத்த சுளை 100 கிராமில் 23 கிராம்.

கிளம்பும் நாள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து சென்னைத் துறைமுகம் 180 கிலோமீட்டருக்கு மேல், புதுச்சேரியிலிருந்து 150. விடியற்காலையில் கிளம்பி வழியில் பொங்கல், வடை என்று நிறுத்தினால் பயணம் தொடங்குவதற்கு முன்பே அன்றைய கணக்கு முடிந்துவிடும். வீட்டிலேயே முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிட்டு, கையில் கடலையோடு வண்டி ஏறுங்கள். செக்-இன் முடிந்து கப்பலுக்குள் போக மத்தியானம் தாண்டலாம்.

குடிக்க என்ன?

தண்ணீர், சர்க்கரை போடாத டீ, காபி, வெறும் சோடாவில் எலுமிச்சை உப்பு, மோர். ஜூஸ் மெஷினை அணுகவே வேண்டாம். 330 மில்லி கோலாவில் 35 கிராம் சர்க்கரை, மாக்டெயிலிலும் சர்க்கரை நிறைய இருக்கும். பானங்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜ் வாங்கினால் போட்ட காசை எடுக்க வேண்டும் என்றே குடிப்போம், அதை வாங்காதீர்கள் என்பது என் யோசனை.

மது எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள: இனிப்பில்லாத ஒயின் ஒரு கிளாஸில் 4 கிராம் அளவு, ஒரு சின்ன பீரில் 10 முதல் 13, விஸ்கி, ஜின் போன்றவற்றில் இல்லை, ஆனால் டானிக் வாட்டரில் சர்க்கரை உண்டு. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர் சோறும் சாப்பிடாமல் மது குடித்தால் நடுராத்திரியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்கள் குடிக்காமல் இருப்பதுதான் சரி.

அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை எடுக்கிறார். இந்த டயட்டில் அழைத்துப் போகலாமா?

டாக்டரைப் பார்க்காமல் கூடாது. ஜிப்மரிலோ வேறெங்கோ காட்டிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த தேதி பயணத்துக்குப் பிறகு என்றால் முன்னதாகவே ஒரு தடவை போய்க் கேட்டுவிடுங்கள். எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது.

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் பழைய டோஸையே போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து அளவு 70-க்குக் கீழே போனால் டயட்டை மறந்துவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலமும் குளுக்கோமீட்டரும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது வகை டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவை. இப்போது நிறையப் பேருக்கு எழுதித் தருகிறார்கள். இந்த மாத்திரையோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே வரலாம், மீட்டரில் 180, 200 என்று காட்டும், ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவோம். அதன் அறிகுறி வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு. கப்பலில் ஒருவர் வாந்தி எடுத்தால் எல்லோரும் கடல் ஆட்டம் என்றுதான் சொல்வார்கள், இங்கேதான் எனக்குப் பயம். அப்பா இந்த மாத்திரை எடுப்பவராக இருந்து வாந்தி நிற்காவிட்டால், கேபினில் படுக்க வைக்காமல் கப்பலின் மருத்துவ மையத்துக்கு அழைத்துப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இந்த மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கறி, மீனைக் கூட்டுவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும்.

இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது?

பெட்டியில் போடாதீர்கள். துறைமுகத்தில் கொடுத்த பெட்டி கேபினுக்கு வந்து சேர சாயந்திரம்கூட ஆகும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், கேபினில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜ் சில சமயம் பானத்தைச் சில்லென்று வைக்கும் அளவுக்குத்தான் குளிரும், அதனால் மருந்துக்கு என்று கேட்டால் வேறு ஏற்பாடு செய்து தருவார்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனா சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலும் நாலு வாரம் வரை தாங்கும், டெக்கில் வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. டாக்டர் சீட்டு கையில் இருந்தால் ஊசிக்குக் கேள்வி வராது.

கடல் ஆட்டத்துக்கு பிஸ்கட்தானே கொடுப்பார்கள்?

ஆமாம், கூடவே பச்சை ஆப்பிளும். உங்களுக்கு இஞ்சி உதவலாம், இஞ்சித் துண்டில் உப்பு தொட்டு மெல்லலாம், சர்க்கரை இல்லாத இஞ்சி டீ கேட்கலாம். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் குமட்டல் கூடும். கேபின் எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளமாகப் பார்த்து எடுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் எப்படி இருக்கும் என்று ‘தானே’ புயலைப் பார்த்த நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி அதிகமானால் ஓஆர்எஸ் குடிக்கத் தயங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கலந்தால் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு டம்ளருக்கு 3 கிராம்கூட வராது. பொடிப் பொட்டலம் வாங்குங்கள், அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் வேண்டாம்.

கரையில் இறங்கும் நாளில்?

2023-இல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போன கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறையில் நின்றது. அப்படிப்பட்ட பயணம் என்றால் இடியப்பத்தையும் புட்டையும் விட்டுவிட்டு நண்டுக் கறி, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல் சாப்பிடலாம், நம் நாக்குக்குக் கப்பல் சாப்பாட்டைவிட இதுதான் பிடிக்கும். தாய்லாந்து, மலேசியா பக்கம் சாத்தே சாஸிலும் குழம்பிலும் சர்க்கரை சேர்க்கிறார்கள், சாஸைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். காலையில் கப்பலிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் நடுவில் கண்டதைத் தின்ன வேண்டி வராது. பஃபேயிலிருந்து பழம், முட்டையைக் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், பல நாடுகளில் அதற்குத் தடை, அபராதமும் உண்டு.

குடும்பமே ஐஸ்கிரீம் சாப்பிடும்போது நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது?

இதுதான் உண்மையில் எல்லோரும் கேட்க நினைக்கும் கேள்வி. "வந்த இடத்துல என்ன டயட்டு, ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறவர் உங்கள் மீது பிரியம் உள்ளவர்தான், அவரிடம் கோபப்பட முடியாது. கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: நான் உங்களோடு மேசையில் இருப்பேன், என் தட்டில் இனிப்பு வைக்காதீர்கள், நீங்கள் எனக்காக எதையும் விடவும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் இனிப்பு வரும்போது உங்களுக்குச் சீஸ் தட்டோ, சர்க்கரை போடாத கிரீமோடு நாலு ஸ்ட்ராபெரியோ கேட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. சர்க்கரை இல்லாத இனிப்பு என்று வைத்திருப்பதில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பூட்டி இருக்கலாம், அது சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைக் கப்பலில் கொண்டாடுகிறீர்கள், கேக் வெட்டுகிறார்கள் என்றால் ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கையால் ஊட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லும் எந்த டயட்டையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுத்த வேளை பழையபடி மீனும் காயும்.

திரும்பி வந்து எடை போட்டால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. எல்லாம் போச்சா?

இல்லை. மாவுச்சத்து சாப்பிட்டால் உடம்பு அதைக் கிளைக்கோஜனாகச் சேர்க்கிறது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. கப்பல் சாப்பாட்டில் உப்பும் அதிகம். அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். பட்டினி கிடந்து சரிக்கட்டப் பார்க்காமல் பழைய சாப்பாட்டுக்கே திரும்புங்கள், ஒரு வாரம் கழித்து எடை பாருங்கள். மருந்தின் அளவைப் பயணத்துக்காக மாற்றியிருந்தால் வந்த வாரமே டாக்டரிடம் போய், பயணத்தில் எழுதி வைத்த சர்க்கரை அளவுகளைக் காட்டிவிடுங்கள்.